உறங்க விடாத கால்கள்

நள்ளிரவில் வீட்டு முற்றத்தில் ஒருவர் நடந்துகொண்டிருக்கும் ஓசையைக் கேட்டவாறே வளர்ந்தவர்கள் நாங்கள். நடப்பவர் எங்கள் உம்மம்மா. இரவு உணவு முடிந்து, பாய்கள் விரிக்கப்பட்டு, விளக்குகள் அணைந்த சிறிது நேரத்திற்கெல்லாம் அவருடைய குரல் எழும்: "கால் குடையுது, யாராவது வந்து ஏறி மிதிங்க வாப்பா." பேரப்பிள்ளைகள் ஐவரில் எடை குறைந்தவன் எவனோ அவன் எழுந்து சென்று, சுவரைப் பற்றிக்கொண்டு அவருடைய கெண்டைக்காலின்மீது ஏறி நிற்பான். நிற்கும்வரை ஆறுதல், இறங்கினால் மீண்டும் குடைச்சல். ஈற்றில் அவரே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். நடக்கும்போது ஒன்றுமில்லை. படுத்தால் வந்துவிடும். சுபுஹு நேரம் நெருங்குகையில்தான் அவர் கண்ணயர்வதைக் கண்டிருக்கிறோம்.

1970களின் தொடக்கம் அது. காரணம் கூறுவோர் பலர் இருந்தனர். வாயு என்றார் ஒருவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற உடம்பு, நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் மற்றொருவர். மூத்த மகன் பினாங்குக்குப் போய் ஆண்டுகள் பல கழிந்தும் திரும்பாத கவலை என்று பெரும்பாலோர் முடிவு கட்டினர். "கவலைக்கு நெஞ்சு குடையும், கால் குடையுமா?" என்று உம்மம்மா ஒருமுறை கேட்டார். விடை கூறுவார் இல்லை. இறுதியில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் நாடி பார்த்தார்; காலை அழுத்திப் பார்த்தார்; வீக்கமும் இல்லை, புண்ணும் இல்லை. மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறி, உறக்கம் வருவதற்கென்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படுகின்ற, தின்றால் கண் சொக்குகின்ற மாத்திரை அது. அதன் கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

இந்நோய்க்கு மருத்துவ நூல்கள் இன்று இட்டிருக்கும் பெயர் 'ஓய்வறியாக் கால்கள்' என்னும் பொருளுடையது. நம் பாட்டிமார் 'கால் குடைச்சல்' என்ற ஒரே சொல்லில் இதனை எத்தனை செம்மையாகக் கூறிவிட்டனர்! வண்டு மரத்தைக் குடைவதுபோல் எலும்பின் உள்ளே ஏதோ குடைகிறது. எறும்பு ஊர்கிறது, ஆனால் தோலின்மேல் அன்று, சதையின் ஆழத்தில். வலி என்று கூறவும் முடியாது, வலியன்று என்று தள்ளவும் முடியாது. காலை அசைத்தே தீரவேண்டும் என்ற அடக்கவொண்ணா உந்துதல் எழுகிறது. ஓய்ந்திருக்கும்போது தொடங்குகிறது, அசைத்தால் தணிகிறது, மாலையிலும் இரவிலும் மிகுகிறது. 1995ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று இந்த நோயை அறிதற்கான வரையறையை வகுத்தபோது எழுதிய கூறுகளும் இவைதாம். கெண்டைச் சதை திடீரென்று கட்டியாகி இழுத்துப் பிடிப்பது வேறு. நீரிழிவுக்காரருக்குப் பாதம் பகலிரவு பாராமல் எரிவதும் மரத்துப்போவதும் வேறு. குடைச்சல் நடந்தால் போகும், உட்கார்ந்தால் வரும். இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நோயாளி கூறுவதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். அந்தக் கேட்டல்தான் இதன் வரலாற்றில் அரிதாக நிகழ்ந்திருக்கிறது.

முதன்முதலில் கேட்டவர் ஆங்கிலேயர் ஒருவர். தாமஸ் வில்லிஸ் என்பது அவர் பெயர். 1621இல் பிறந்து 1675இல் மறைந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்து பின் லண்டனில் மருத்துவம் பார்த்தவர். மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று கூடி அமைக்கும் வளையம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1664இல் அவர் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தவர், பின்னாளில் லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்றால், அக்காலத்தில் கலையும் மருத்துவமும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பது விளங்கும்.

1672இல் இலத்தீன் மொழியில் வெளிவந்த வேறொரு நூலில் வில்லிஸ் உறக்கமின்மையைப் பற்றிப் பேசுகிறார். படுக்கையில் சாய்ந்து உறங்க முற்பட்டவுடன் சிலருடைய கைகளிலும் கால்களிலும் துள்ளலும் இழுப்பும் தோன்றுகின்றன என்றும், அவர்கள் உறுப்புகளை அங்குமிங்கும் வீசியவாறு தவிக்கின்றனர் என்றும், சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவன் எவ்வாறு உறங்க இயலாதோ அவ்வாறே அவர்களும் உறங்க இயலாதிருக்கின்றனர் என்றும் அவர் எழுதியிருப்பதன் கருத்து. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1685இல், இது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மூளையிலிருந்து நரம்பு வழியே ஓடும் நுண்ணிய ஆவிகள் கட்டுக்கடங்காமல் பாய்வதே காரணம் என்று அவர் கருதினார். கிரேக்கர் கேலன் தொடங்கி, நம் இப்னு சீனாவின் நூல் வழியாகவும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பயிலப்பட்டு வந்த கொள்கையின் எச்சம் அது. கொள்கை இன்று செல்லாது. ஆயினும் கால் துள்ளுவதற்குக் காரணத்தைக் காலில் தேடாமல் நரம்பிலும் மூளையிலும் தேடினாரே, அது பெரிது. அவர் கொடுத்த அபின் கலந்த மருந்தும் சிலருக்கு உறக்கம் தந்தது. வேறெதற்கும் அடங்காத கடுங்குடைச்சலுக்கு அபினின் வழிவந்த மருந்துகளை மிகுந்த எச்சரிக்கையுடன் இன்றைய வல்லுநரும் பயன்படுத்துகின்றனர்.

வில்லிஸ் எழுதியது மறக்கப்பட்டது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, 1861இல், தியோடர் விட்மாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதனை மீண்டும் கண்டு, 'முன்னங்கால் எலும்பின் பதற்றம்' என்று பொருள்படும் இலத்தீன் பெயர் ஒன்றை வைத்தார். கண்டது நன்று, சேர்த்த இடம்தான் தீது. மனக்கிளர்ச்சியால் பெண்களுக்கு வருவதாக அக்காலத்தார் நம்பிய ஹிஸ்டீரியாவின் ஒரு கூறாக இதனை அவர் எண்ணினார். அன்று தொடங்கிய பழி எளிதில் நீங்கவில்லை. எங்கள் உம்மம்மாவிடம் மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மருத்துவர் விட்மாக்கின் பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். எனினும் அந்த அறிவுரை வந்த வழி அதுவே.

நோய்க்கு உரிய இடத்தை மீட்டுத் தந்தவர் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்ஸல் எக்பாம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையும், 1945இல் ஒரு முழு நூலும் வெளியிட்டார். இன்று வழங்கும் பெயரை நிலைநாட்டியது அந்த நூல்தான். அவர் செய்த வேலையின் அருமை அதன் எளிமையில் இருக்கிறது. நோயாளிகளை உட்காரவைத்து, எப்போது வருகிறது, எங்கே வருகிறது, என்ன செய்தால் போகிறது, உங்கள் தாய்க்கும் இருந்ததா என்று வினவி வினவி எழுதினார். பரம்பரையில் தொடர்வதைக் கண்டார். கருவுற்ற பெண்களிடமும் இரத்தச் சோகை உடையோரிடமும் மிகுதியாகக் கண்டார். நலமுடன் இருப்பதாகக் கருதப்பட்டவர்களையும் விசாரித்து, அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரிடம் இக்குறி இருப்பதாகக் கணித்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பின்னர் நடந்த கணக்கெடுப்புகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து என்று கூறுகின்றன. அவர்களில் மருத்துவம் தேவைப்படும் அளவு துன்புறுவோர் இரண்டு மூன்று பேர். ஆடவரினும் பெண்டிரிடம் இருமடங்கு காணப்படுகிறது. ஆசிய நாடுகளில் விகிதம் குறைவு என்பர்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. இதே எக்பாம் 1938இல் வேறொரு நோயைப் பற்றியும் எழுதியிருந்தார். தம் தோலில் பூச்சிகள் ஊர்வதாக உறுதியாக நம்பும், ஆனால் பூச்சி எதுவும் இல்லாத, மனமயக்கம் அது. இரண்டு நோய்களுக்கும் அவர் பெயரையே இட்டுவிட்டனர். கால் குடைச்சல்காரரும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றே கூறுவார். 'போல்' என்ற சொல்லில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் செவிமடுக்காதவர் மனநோய் என்று எழுதிவிடக்கூடும்.

அடுத்த அடியை வைத்தவரும் சுவீடன் நாட்டவரே. நார்ட்லாண்டர் என்னும் மருத்துவர் இந்நோயாளிகளுக்கு இரும்புச்சத்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றிப் பார்த்தார். 22 பேரில் 21 பேருக்குக் குடைச்சல் நீங்கிற்று என்று 1953இல் அறிவித்தார். இரத்தத்தில் இரும்பு போதிய அளவு இருப்பதாகத் தோன்றினாலும் உடலின் உள்ளே ஏதோ ஓரிடத்தில் பற்றாக்குறை இருக்கலாம் என்ற ஊகத்தையும் அவர் முன்வைத்தார். அக்காலத்து இரும்பு ஊசி மருந்துகள் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை விளைவித்தன. அதனாலும் பிறவற்றாலும் அவர் காட்டிய வழி ஏறத்தாழ அரை நூற்றாண்டு புல் முளைத்துக் கிடந்தது. அந்த ஊகம் மெய்யென்று பின்னர்த் தெரிந்தது. இந்நோயோடு வாழ்ந்து மறைந்தோரின் மூளைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அசைவை ஆளும் பகுதியில் இரும்பு குறைந்திருந்ததை 2003இல் வெளியிட்டனர். இரத்தத்தில் உள்ள இரும்பு மூளைக்குள் போதிய அளவு சென்று சேர்வதில்லை. அங்கு இரும்பு குறைந்தால், கால்களுக்கு அமைதி தரும் டோபமின் என்னும் பொருளின் வேலை பிறழ்கிறது. அந்தப் பொருள் இயல்பாகவே தாழும் மாலை வேளையில் குடைச்சல் தலைதூக்குகிறது. இவ்வாறுதான் இன்று விளக்குகின்றனர். 2007இல் ஐஸ்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் மரபணுத் தொடர்பையும் உறுதி செய்தன. ஐஸ்லாந்தில் கண்ட மரபணு வேறுபாடு உடையோரிடம் இரும்புச் சேமிப்பும் குறைந்திருந்தது.

டோபமினுக்கும் இதற்கும் உள்ள உறவை வெளிக்கொணர்ந்தவர் ஒரு துருக்கியர். அங்காராவில் பணியாற்றிய மருத்துவர் ஷெவ்கெத் அக்பினார், நடுக்குவாதத்திற்குக் கொடுக்கப்படும் லெவோடோபா மருந்தைக் கால் குடைச்சலுக்குக் கொடுத்துப் பயன் கண்டு 1982இல் அமெரிக்க நரம்பியல் இதழ் ஒன்றில் எழுதினார். அது ஒரு சிறு கடிதம்தான். ஆனால் மருத்துவ உலகம் அந்தக் கடிதத்தின் திசையிலேயே முப்பதாண்டுகள் நடந்தது. நெடுங்காலமாக மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஒரே மாத்திரையில் ஓரிரவிலேயே உறங்கினார்கள் என்றால், அந்த வியப்பைச் சொல்லவும் வேண்டுமோ! எங்கள் உம்மம்மா அதற்கு நான்காண்டுகள் முன்னதாகவே மறைந்துவிட்டார்.

வியப்பின் மறுபக்கம் மெல்லத் தெரிந்தது. மருந்தைத் தொடர்ந்து தின்றவர்களுக்கு இரவு ஒன்பதுக்கு வந்த குடைச்சல் மாலை ஐந்துக்கே வரலாயிற்று, பின்னர் நண்பகலில், கால்களோடு நில்லாமல் கைகளுக்கும் பரவியது. நோய் முற்றிவிட்டது என்று அளவைக் கூட்டினால், சிறிது காலம் அடங்கி முன்னினும் மூர்க்கமாக எழுந்தது. மருந்தே நோயை வளர்க்கும் இந்நிலையை 1996இல் பால்டிமோர் நகரத்து ஆய்வாளர்கள் விளக்கி எழுதினர். அதன்பின் லெவோடோபாவைக் குறைத்து, அதே பணியைச் செய்யும் ரோபினிரோல், பிரமிபெக்ஸோல் ஆகிய மருந்துகளின் பக்கம் திரும்பினர். அமெரிக்க அரசு அவற்றை முறையே 2005இலும் 2006இலும் இந்நோய்க்கென ஏற்றது. அவையும் காலப்போக்கில் அதே வேலையைக் காட்டின. அன்றியும், தின்றவர்களில் சிலர் அதுவரை அறியாத சூதாட்ட வெறிக்கும், கைப்பொருள் தீரும்வரை கடைகடையாக வாங்கிக் குவிக்கும் பித்துக்கும் ஆளாயினர். கணவனோ மனைவியோ இதற்கும் இரவு மாத்திரைக்கும் தொடர்பு இருக்கும் என்று கனவிலும் நினைத்திருப்பார்களா? அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2025இல் வெளியிட்ட நெறிமுறை, இம்மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்ற பரிந்துரைக்கு வந்துவிட்டது. கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு மருந்துகளை அது முன்னிறுத்துகிறது. அவற்றுக்கும் முன்னதாக இரும்பைப் பார்க்கச் சொல்கிறது. நார்ட்லாண்டர் 1953இல் நின்ற இடத்திற்கே ஒருவகையில் மருத்துவம் திரும்பியிருக்கிறது.

இரும்பைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். நம் இல்லங்களுக்கு மிகவும் வேண்டியது இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தங்கை மகள் ஏழாம் மாதக் கருவோடு தாய்வீடு வந்திருந்தாள். இரவு எழுந்து தண்ணீர் குடிக்கச் சென்றபோது, அவள் கூடத்தில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்ததைக் கண்டோம். "ஒன்றுமில்லை மாமா, படுத்தால் கால் ஒரு மாதிரியாக இருக்கிறது" என்றாள். ஐம்பதாண்டு பின்னால் சென்று முற்றத்தில் நின்றது போலாயிற்று நமக்கு. இரத்தச் சோகை இல்லை என்று முன்னரே சொல்லியிருந்தனர். ஹீமோகுளோபின் அளவு சரியாகத்தான் இருந்தது. ஃபெரிட்டின் என்னும் சோதனையையும் செய்யுமாறு வேண்டினோம். அது 12 என்று வந்தது.

வணிகக் குடும்பத்தாருக்கு இதை விளக்குவது எளிது. ஹீமோகுளோபின் கடையில் அடுக்கியிருக்கும் சரக்கு. ஃபெரிட்டின் கிடங்கில் இருக்கும் சரக்கு. கிடங்கு காலியான பின்னும் கடை சில நாள் நிறைந்தே காட்சியளிக்கும். கால் குடைச்சல் உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75க்கு மேற்படாமலோ, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தின் நிறைவு நூற்றுக்கு 20க்குக் குறைந்தோ இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்ப்பது இன்றைய முறை. சோதனைச் சாலையின் தாளில் 30 என்று வந்து, பக்கத்தில் 'இயல்பு' என்றும் அச்சிட்டிருக்கலாம். இந்நோய்க்கு அந்த இயல்பு போதாது. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கருவுற்ற பெண்களில் கடைசி மூன்று மாதங்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இக்குடைச்சல் வருகிறது. பெரும்பாலோருக்குப் பேறு முடிந்த சில வாரங்களில் போய்விடுகிறது. எங்கள் பெண்ணுக்கும் போயிற்று. சிறுநீரகம் பழுதுற்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோரிடமும் இது மிகுதி. நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டிய அவர்களுக்கு இது எத்தகைய தண்டனை என்பதை உடனிருப்போர்தாம் அறிவர்.

உணவைப் பற்றிக் கேட்பார்கள். பேரீச்சம்பழத்தை இரும்பின் களஞ்சியமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்ல கனிதான், ஆனால் அதில் இரும்பு அவ்வளவு இல்லை. ஆட்டு ஈரலில் உள்ளது பன்மடங்கு. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவோடு உண்பது நன்று. கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். விருந்து முடிந்த கையோடு தேநீர் குடிக்கும் பழக்கமோ, உண்ட இரும்பை உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மாலைத் தேநீரும் காப்பியும் குடைச்சலையே பலருக்குக் கிளறிவிடும். இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றால் நம்மவர் எவர் கேட்கப்போகிறார்! சேமிப்பு மிகவும் குறைந்திருந்தால் உணவு மட்டும் போதாது. மாத்திரையோ, இக்காலத்துப் பாதுகாப்பு மிக்க ஊசி மருந்தோ வேண்டும். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் தின்றாலும் நன்றாகச் சேர்வதாகக் கண்டிருக்கிறார்கள். கிடங்கு நிறைய மாதங்கள் ஆகும். சோதனை செய்யாமல் கடையில் வாங்கித் தின்பது தகாது. இரும்பு மிகுந்தால் ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும்.

வெந்நீரில் கால் வைப்பது, படுக்குமுன் கெண்டைச் சதையை நீட்டி மடக்குவது, அமுக்கிவிடுவது இவையெல்லாம் சிறிது நேரத்திற்கேனும் உதவும். மனம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போதும் குடைச்சல் தணிகிறது. உம்மம்மா பல இரவுகள் பாய் முடைந்துகொண்டிருப்பார். ஏன் என்று இப்போது தெரிகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்பை மெல்லிய மின்துடிப்பால் தூண்டும் கருவியொன்றையும் 2025ஆம் ஆண்டு நெறிமுறை ஏற்றிருக்கிறது. அதைப் படித்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு கால்மேல் நின்ற அந்தச் சிறுவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

நடுக்குவாத மருந்து வகையை ஏற்கனவே தின்றுவருவோர் இக்கட்டுரையைக் கண்டு தாமே நிறுத்திவிடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் பல நாள் இமை மூடாத தவிப்பு வரும். மருத்துவரின் துணையோடு சிறுகச் சிறுகத்தான் குறைக்கவேண்டும். அவரிடம் செல்லும்போது வீட்டில் தின்னும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்வது நல்லது. குமட்டலுக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் குடைச்சலைத் தூண்டுகின்றன. சளி, அரிப்பு இவற்றிற்கான, உறக்கம் வரவழைக்கும் பழைய மாத்திரைகள் இன்னும் மோசம்.

உம்மம்மாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது அந்த வகையைச் சேர்ந்ததுதான். தின்ற முதல் நாள் இரவு அவர் கண் சொருகியவாறே நடந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டாம் இரவும் அப்படியே. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். மாத்திரை தின்றீர்களா என்று தாயார் இரவுதோறும் கேட்பார். தின்றேன் என்பார் உம்மம்மா. அவர் மறைந்தபின் வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து வைக்கும்போது அடித்தட்டில் காகிதத்தில் மடித்த மாத்திரைகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தோம். மூன்றைத் தவிர மற்றவையெல்லாம் இருந்தன.